எங்கே சேவ் பண்ணினாய்?

சிவகாசிக்குக் கம்ப்யூட்டர் அச்சகம் வழியாக வந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டரும் டைரியும் நோட்டும் வந்தன. அந்த வரிசையில் 1990களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது கம்ப்யூட்டர். ஈய எழுத்து கோத்துப் பழகிய அச்சகங்களில் ஓர் ஓரத்தைக் கண்ணாடி வைத்துத் தடுத்து, ஏ.சி. மாட்டி, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் அந்த இடத்துக்கு ‘டிடிபி ரூம்’ என்று எழுதி ஒட்டினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நான் அந்த அறைக்குள் போனது டைப்ரைட்டிங் தெரிந்ததால். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினார். சித்திக்கு வெடி ஆபீஸில் திரி வேலை. விடியும் முன்னே ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் அந்த வேனில் என்னையும் அனுப்பிவிடக் கூடாது என்று அம்மா பிளஸ் டூ முடித்த கையோடு என்னை இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். தமிழிலும் இங்கிலீஷிலும் லோயர், ஹையர் முடித்தேன். அப்போது டிடிபிக்கு இருந்த தமிழ் எழுத்துருக்கள் பலவும் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை முறையிலேயே இயங்கின. அதனால் தமிழ் ஹையர் முடித்த பிள்ளைகளை அச்சகங்களே தேடி வந்து வேலைக்கு எடுத்துக்கொண்டன.

முதல் சில வாரங்கள் என் கையில் இருந்தது நோட்டுதான். மூத்த ஆபரேட்டர் அண்ணன், பாழான லேபிள் ஷீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கோடு கோடாகக் கிளை பிரித்து வரைவார். மேலே சி டிரைவ். அதற்குக் கீழே பார்ட்டியின், அதாவது ஆர்டர் கொடுத்தவரின், பெயர். பார்ட்டிக்குக் கீழே வருஷம். வருஷத்துக்குக் கீழே ஜாப். ஒவ்வொரு கிளைக்கும் எப்படிப் போவது, எப்படித் திரும்பி வருவது, புதுக் கிளை எப்படி உண்டாக்குவது, ஒரு ஃபைலை இங்கிருந்து அங்கே எப்படிப் பிரதி எடுப்பது என்பதையெல்லாம் டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கட்டளைகளாக எழுதிக் காட்டுவார். டிஐஆர், சிடி, எம்டி, காபி, ரென், டெல். வேலையெல்லாம் முடிந்து மிஷின் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அதை அடித்துப் பார்க்க விடுவார்.

அந்தத் திரையைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கறுப்புப் பின்னணி. சி என்ற எழுத்து, பக்கத்தில் விட்டுவிட்டு மின்னும் சின்னக் கோடு. வேறொன்றும் இருக்காது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸை எங்கே நகர்த்தினாலும் பயன் கிடையாது. அடுத்து என்ன செய்வது என்று அந்தத் திரை சொல்லாது, நமக்குத் தெரிந்திருந்தால்தான் வேலை நடக்கும். விண்டோஸ் 3.1 இருந்த மிஷினிலும் முதலில் டாஸ்தான் வரும். ‘வின்’ என்று அடித்த பிறகுதான் விண்டோஸ் திறக்கும்.

அண்ணன் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“எங்கம்மா சேவ் பண்ணுன?”

“கம்ப்யூட்டர்லதாண்ணே.”

“கம்ப்யூட்டர்ல எங்க?”

எந்த டிரைவ், எந்த டைரக்டரி, என்ன பெயர் என்று மூன்றையும் சொன்னால்தான் விடுவார். டாஸ் காலத்தில் ஃபைல் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். புள்ளிக்குப் பிறகு வகையைச் சொல்ல இன்னும் 3 எழுத்து. அதற்குள் பார்ட்டியும் வேலையும் எத்தனையாவது திருத்தம் என்பதும் தெரிய வேண்டும். அந்த 8 எழுத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு எங்கள் அறையில் ஒரு முறை இருந்தது. சுவரில் அதை எழுதி ஒட்டியிருந்தோம். யார் லீவு போட்டாலும் இன்னொருவர் வந்து அந்த ஃபைலை எடுத்துவிடலாம்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பது காலண்டர் சீசனில் புரிந்தது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து மார்கழி வரை ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கும். முருகன் படம் ஒன்றுதான். கீழே கடைப் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மளிகைக்கடை, நகைக்கடை, ரைஸ் மில், ஜவுளிக்கடை. பெயர், விலாசம், போன் நம்பர், சில சமயம் முதலாளியின் அப்பா படம். பழைய திருத்தத்தை எடுத்து அச்சுக்கான பாசிட்டிவ் ஃபிலிம் போட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான காலண்டரில் தப்பான நம்பர் அச்சாகி ஒரு வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும். ஃபைல் எங்கே இருக்கிறது, அதில் எது கடைசி என்று தெரிவது சோறு போடும் அறிவாக இருந்தது.

மெமரிக்கும் சேமிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களுக்குக் கரண்ட் கட் சொல்லிக்கொடுத்தது. திரையில் தெரிவது ரேம் என்னும் தற்காலிக நினைவில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும். சேவ் செய்தால்தான் ஹார்ட் டிஸ்கில் ஏறும், மின்சாரம் போனாலும் தங்கும். இதைப் புத்தகத்தில் படித்தால் இரண்டு மார்க் கேள்வி. ஒரு பக்கம் முழுக்கப் பஞ்சாங்கக் குறிப்பு அடித்து முடித்த நேரத்தில் விளக்கு அணைந்து, யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டால், அது உடம்பில் ஏறிவிடும் பாடம். பத்தி முடிந்தால் கன்ட்ரோல் எஸ். டீ வந்தால் கன்ட்ரோல் எஸ். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழும் முன் கன்ட்ரோல் எஸ். அந்த அறையில் வேலை பார்த்த எல்லோர் இடது கையும் அப்படித்தான் பழகியது.

அப்போதைய மிஷின்கள் அடிக்கடி ஹேங் ஆகும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் ஒரு படம் சிக்கினால் முழு விண்டோஸும் நின்றுபோகும். ஏன் என்று கேட்டதற்கு அண்ணன் சொன்ன விளக்கத்தைத்தான் இன்றும் என் வகுப்பில் சொல்கிறேன். வெடி ஆபீஸில் அறைகளை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்? ஓர் அறையில் தீ பிடித்தால் பக்கத்து அறைக்குப் போகக் கூடாது என்பதற்காக. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்குக் கணக்கு உண்டு. மருந்தை அளந்து கொடுக்கவும் மீதியைத் திரும்ப வாங்கவும் ஃபோர்மேன் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் கம்ப்யூட்டருக்குள் அந்த ஃபோர்மேன் வேலையைப் பார்க்கிறது. எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு ரேம், பிராசஸரில் யாருக்கு எப்போது முறை, பிரிண்டரை யார் பயன்படுத்துவது, எந்த ஃபைலை யார் தொடலாம் என்று பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். பழைய விண்டோஸில் அந்த அறைச் சுவர்கள் பலமாக இல்லை. ஒரு புரோகிராம் அடுத்ததன் நினைவிடத்துக்குள் கை வைத்துவிட முடிந்தது, எல்லாம் சேர்ந்து விழுந்தது. விண்டோஸ் என்டி வழியில் 2001-ல் வந்த எக்ஸ்பி, வீட்டு மிஷினுக்கும் அந்தச் சுவரைக் கட்டிக் கொடுத்தது. அதன் பிறகு படம் வரையும் கோரல்டிரா நின்றுபோனால் கோரல்டிராவை மட்டும் மூடிவிட்டு மற்ற வேலையைத் தொடர முடிந்தது.

வைரஸ் பயத்தையும் நாங்கள் நேரில் பார்த்தோம். பார்ட்டிகள் கொண்டுவரும் ஃபிளாப்பியிலும் சி.டி.யிலும் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. 1999 ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் என்று பெயர் பெற்ற சிஐஎச் வைரஸ் உலகெங்கும் ஒரே நாளில் கிளம்பியது. விண்டோஸ் 95, 98 மிஷின்களின் ஹார்ட் டிஸ்கை அழித்தது. சிலவற்றில் பயாஸ் சிப்பையே கெடுத்தது. அப்போதுதான் பேக்கப் என்பது முதலாளிகள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் மாலையில் அன்றைய ஜாப்கள் வேறோர் இடத்தில் பிரதியாகும். அந்தப் பிரதியை யாராவது எப்போதாவது திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்ற பழக்கமும் அதன்பின் வந்தது.

தமிழ் எழுத்துருவின் கதை தனி. ஒரு கம்பெனி எழுத்துருவில் அடித்த ஃபைலை வேறோர் அச்சகத்தில் திறந்தால் புரியாத குறிகளாக வரும். பாமினி ஒரு முறை, ஸ்ரீலிபி ஒரு முறை, வானவில் ஒரு முறை. ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்து ஃபிளாப்பியில் கொடுத்தனுப்புவோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் அரசுத் தரமாயின. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்று செல்போனில் ஒருவர் தமிழில் அடித்ததை அமெரிக்காவில் இருப்பவர் அப்படியே படிக்கிறார். ஆனால் 2001-ல் கடைசிப் பதிப்பு வந்த பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அச்சகங்களும் இங்கே இருக்கின்றன. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் கல்யாணப் பத்திரிகை வாசகத்தைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்த பிள்ளை, மாற்றிய பிறகு எங்கே எழுத்து உடையும் என்றும் தெரிந்து சரிபார்க்கும். தெரியாத பிள்ளை உடைந்ததை அப்படியே புரூஃபுக்கு அனுப்பும்.

இந்தச் சின்ன அறைகளுக்கு வெளியே, பள்ளிக்கூடங்களில் நடந்தது வேறு. விருதுநகர் மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முன்னணியில் நின்ற மாவட்டம். அதே மாவட்டத்தை 2018-ல் மத்திய அரசு, முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்த்தது. கம்ப்யூட்டர் பாடத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். 2018-க்கு முன் பிளஸ் டூவில் ஸ்டார் ஆபீஸ் மென்பொருள் பாடமாக இருந்தது. எழுத்தைத் தடிமனாக்க எந்த விசை, அட்டவணை போட எந்த மெனு என்று ஒரு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், அந்த மெனுவை நேரில் ஒருமுறையாவது திறந்து பார்த்தார்களா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறியது. 2018-ல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தனிப் பாடம் வைத்து, விண்டோஸையும் உபுண்டு லினக்ஸையும் சேர்த்துச் சொன்னது. நல்ல பாடம் அது. மிஷின் பக்கத்தில் உட்கார வைத்து நடத்தினால் இன்னும் நல்ல பாடம்.

2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்கள் பக்கத்து ஊர்களில், தகர ஷெட் வீட்டிலும் ஒரு லேப்டாப் வந்து உட்கார்ந்தது. ஒரு தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா பட்டாசுக்குத் திரி வைத்துவிட்டு வந்த கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பிறகுதான் அந்த மூடியைத் தொடுவார். அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்த சிஸ்டம். லேப்டாப்பைத் திறந்ததும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும். இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரே ஹார்ட் டிஸ்கைப் பங்குபோட்டு உட்கார்ந்திருப்பதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தன் சொந்த மிஷினிலேயே பார்க்க முடிந்தது. அதைவிட நல்ல பாடப்பொருள் அமையாது.

ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ‘இடத்தை அடைக்கிறது’ என்று சொல்லி அந்த லினக்ஸை அழித்துத்தரும் வேலையைக் கடைகள் செய்தன. அழித்த இடத்தில் சினிமா ஏறியது. நான் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அழித்தது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று அவர்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாம் லினக்ஸ் கெர்னல் மீதுதான் ஓடுகின்றன. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய அதே கெர்னல். அன்று லேப்டாப்பில் வேண்டாம் என்று தள்ளியதைத்தான் இன்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

இப்போது திருத்தங்கலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிறு ஏன் என்றால் அன்றுதான் வெடி ஆபீஸ் லீவு. காலையில் கல்லூரிப் பிள்ளைகள், சாயங்காலம் அவர்கள் அம்மாக்கள். பிள்ளைகளின் விரல் வேகம் எனக்கு இல்லை. வீடியோவை வெட்டி, பாட்டு சேர்த்து, எழுத்து ஓடவிட்டு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுவிடுகிறார்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட் பிடிஎஃப் கேட்டால் நின்றுவிடுகிறார்கள்.

“மிஸ், டவுன்லோடு பண்ணேன். இப்பக் காணோம்.”

“எங்கம்மா டவுன்லோடு ஆச்சு?”

“போன்லதான் மிஸ்.”

இந்தப் பதில் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுக்க அன்று ஓர் அண்ணன் பக்கத்தில் நின்றார், கிளை பிரித்து வரைந்து காட்டினார். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த மரத்தை யாரும் வரைந்து காட்டவில்லை. போன் அதை மறைத்து வைத்திருக்கிறது. ஆப் திறந்தால் படம் தெரியும், மேலே தள்ளினால் அடுத்த படம் வரும். ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று யோசிக்கவே தேவை இல்லாதபடி செய்திருக்கிறார்கள். போன் உடையும் நாளில், திருட்டுப் போகும் நாளில், வாட்ஸ்அப் அழிந்துபோகும் நாளில்தான் அந்தத் தேவை வருகிறது. அன்றைக்குக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

அம்மாக்கள் வகுப்பில் பிரச்சினை இன்னும் ஆழமானது. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. சரியான விதி, உயிரைக் காக்கும் விதி. ஆனால் பகல் முழுவதும் போன் கையில் இல்லாத ஒருவருக்கு, சில நிமிஷத்தில் காலாவதியாகும் ஓடிபி எப்படி வேலைக்காகும்? இ-சேவை மையமும் பிரவுசிங் சென்டரும் அவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் திறந்திருக்கின்றன. அதனால் ஆதாருக்குத் தம்பி நம்பர், பிஎஃப்புக்குப் பக்கத்து வீட்டுப் பையன் நம்பர், இ-ஷ்ரம் அட்டைக்குக் கடைக்காரர் நம்பர் என்று கொடுத்துவிட்டு வருகிறார்கள். பாஸ்வேர்டு கடையின் நோட்டில் இருக்கிறது. கணக்கு இவர்கள் பெயரில், சாவி வேறொருவர் கையில். கையால் உழைத்துச் சேர்த்த பிஎஃப் பணத்தை எடுக்கப் போகும்போது அந்த நம்பர்க்காரர் ஊரில் இல்லை, நம்பரே மாறிவிட்டது என்றால் அலைச்சல் தொடங்குகிறது. விபத்து நடந்த வீடுகளில் இதே அலைச்சலைக் கண்ணீரோடு பார்த்திருக்கிறேன். இழப்பீட்டுக்கு ஒவ்வொரு காகிதமும் கேட்கும் நேரத்தில், எல்லாம் இறந்துபோனவரின் போனுக்குள் பூட்டிக் கிடக்கும்.

அதனால் என் வகுப்பில் வேர்டு, எக்செல் எல்லாம் பிறகுதான். முதல் பாடம் ஃபோல்டர். நாற்பது வயது கடந்த ஓர் அக்கா, சரம் பின்னும் வேலை பார்ப்பவர், தன் பிஎஃப் பாஸ்புக்கை வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பி வைத்திருந்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த சேமிப்பு. போனில் ‘ஃபைல்ஸ்’ செயலியைத் திறக்கச் சொன்னேன். ‘வீட்டுப் பத்திரம்’ என்று தமிழிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாக்கினார். உள்ளே ஆதார், ரேஷன், பிஎஃப், பிள்ளை படிப்பு என்று நான்கு. வெறும் எண்களாக இருந்த அந்த பிடிஎஃப் பெயரை நீக்கி ‘என் பிஎஃப்’ என்று மாற்றினார். 8 இங்கிலீஷ் எழுத்துக்குள் பெயர் வைக்கப் பட்ட பாடு எனக்கு நினைவுக்கு வந்தது; அவர் தன் எழுத்தில், தனக்குப் புரிகிற பெயரை வைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பிஎஃப் ஃபோல்டருக்குள் பிரதி எடுத்த பிறகு, வாட்ஸ்அப்பில் இருந்ததை அழிக்கச் சொன்னேன். தயங்கினார்.

“போயிருமே டீச்சர்.”

“அழிங்க அக்கா. அழிச்சுட்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்க.”

அழித்தார். திறந்தார். பிரதி அங்கே இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், “இங்க இருக்கு, பாருங்க” என்று போனைக் காட்டி, ஃபோல்டருக்குள் எப்படிப் போவது என்று அவரே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். காபி எடுப்பதற்கும் நகர்த்துவதற்கும் வித்தியாசம் என்ன என்று அன்று அந்த அறையில் யாருக்கும் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த பாடம் அனுமதி. டார்ச் அடிக்கும் ஆப் ஒன்று தொடர்பு எண்களைக் கேட்டால் கொடுக்கலாமா? திரி வைக்கும் அறைக்காரர் மருந்துக் கிட்டங்கிச் சாவியைக் கேட்டால் ஃபோர்மேன் கொடுப்பாரா என்று திருப்பிக் கேட்பேன். அதோடு முடிந்தது. உடனடிக் கடன் தருகிறேன் என்று வரும் ஆப்கள் போட்டோவையும் தொடர்பு எண்களையும் கேட்பது எதற்கு என்று அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். பாஸ்வேர்டு, ஓடிபி, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அதன் தொடர்ச்சி. ஆதாரில் சொந்த நம்பரைச் சேர்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பெரிய மிஷினைத் திறந்து காட்டும் நாள்தான் எனக்குப் பிடித்த வகுப்பு. ரேமைக் கழற்றிக் கையில் கொடுக்கும் முன், இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு எடுக்கச் சொல்வேன். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். மற்ற ஊர்களில் இதை விளக்க நேரம் ஆகும். இங்கே ஆகாது. மருந்து அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு நிலைமின்சாரத்தைத் தரையில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள், நைலான் சேலை ஏன் கூடாது என்று அறிந்தவர்கள் இவர்கள். “இதுக்கும் அதேதானா?” என்று கேட்டுவிட்டு நிதானமாகத் தொட்டு எடுப்பார்கள். இவர்களுக்குப் படிப்பு குறைவு என்று சொல்பவர்களை அந்த நேரத்தில் என் வகுப்பில் உட்கார வைக்க ஆசை.

அப்டேட்டும் அடிப்படை அறிவில் சேர்ந்ததுதான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்தன. சின்ன அச்சகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அதே விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது. மிஷின் நன்றாக ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஓடுவது ஒன்று, பூட்டு சரியாக இருப்பது இன்னொன்று. புது மிஷின் வாங்க வசதி இல்லாதவர்கள் அதே மிஷினில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். உலாவியும் பிடிஎஃப்பும் கடிதம் அடிப்பதும் அதில் நன்றாகவே நடக்கும். இதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் அன்று லினக்ஸை அழித்த அதே தலைமுறைதான். அவர்களில் சிலர் இன்று பள்ளி ஆசிரியர்கள், சிலர் அச்சக ஆபரேட்டர்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், 6 கோடி கிராமப்புறக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் வந்திருக்கின்றன. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கையடக்கக் கணினி என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு, மனதாரச் சொல்கிறேன். 2011-ல் அந்த மூடியைத் திறந்த வீடுகளைப் பார்த்தவள் நான். கொடுப்பதை ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

என் கோரிக்கை அதற்கு அடுத்த படி. மிஷினைக் கொடுக்கும் வாரத்திலேயே அதைத் திறந்து வைத்து ஒரு பாடம் நடத்துங்கள். ஃபைல் எங்கே இருக்கிறது, பெயர் எப்படி வைப்பது, பிரதி எப்படி எடுப்பது, எதற்கு அனுமதி கொடுப்பது, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற இந்த ஐந்தும் போதும். மற்றதைப் பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். வெம்பக்கோட்டை, சாத்தூர், திருத்தங்கல் பக்கத்து அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களை ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுங்கள். மிஷின் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, கற்றுத்தர எங்களைப் போன்ற பழைய டிடிபிக்காரர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருக்கிறோம். அந்த வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் பெயரில் உள்ள கணக்கை அவரே திறக்கட்டும்.